கல்லுக்குழிப் படகு நின்ற இடம்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. ராத்திரி இல்லை... மத்தியானம். நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கிற நேரம். அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில் இடது கைப் பக்கம் ஒரு மண்பாதை பிரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். லாரிகள் ஓடி ஓடி, இலையெல்லாம்கூட வெள்ளைப் புழுதி. அந்த நேரத்துக்கு அந்தப் பாதையில் ஒரு நாயைக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் கல்லுக்குழி.

இவ்வளவு நேரம் நீங்கள் சொன்ன கதைகளில் எல்லாம் பேய் ராத்திரியில்தான் வந்தது. புளியமரம், சுடுகாடு, வெள்ளைப் புடவை. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இந்தக் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, ஒரே ஜமக்காளத்தில் இத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். விடிந்தால் முகூர்த்தம். தூங்கவும் மாட்டீர்கள். "சித்தப்பா, நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்று இந்தப் பிரவீணா பிடித்த பிடியையும் விடமாட்டாள். சரி, சொல்கிறேன். இது என் சிநேகிதன் ஜெயப்பிரகாஷின் மச்சானுக்கு நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். பக்கத்தில் இருந்தேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

மச்சான் பெயர் கலைமணி. உடையார்பாளையத்துக்காரன். பம்புசெட், பவர் டில்லர், முந்திரிக்கு மருந்தடிக்கிற மெஷின் என்று எதைக் கொண்டுபோனாலும் ஓடவைத்துத் திருப்பித் தருவான். தூரத்திலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டே எஞ்சினுக்கு என்ன நோவு என்று சொல்லுவான். அவனிடம் ஒரே ஒரு பழக்கம்... எது உடைந்தாலும் சைக்கிள் ட்யூப். பழைய ட்யூபை ரிப்பன் மாதிரி நறுக்கி மூட்டையாக வைத்திருப்பான். குழாய் ஒழுகினாலும் ட்யூப், பிடி கழன்றாலும் ட்யூப். இழுத்துச் சுற்றி ஒரு முடிச்சு. நம் ஊரில் எந்த மெக்கானிக்தான் அப்படிச் செய்யவில்லை?

கல்லுக்குழி என்றால் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி ஏரி மாதிரி ஆகிவிட்டது. கரையோரம் பச்சை, நடுவில் நல்ல நீலம். நடுவில் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருத்தர் அதைக் குத்தகைக்கு எடுத்து, ஊஞ்சல் போட்டு, கேண்டீன் வைத்து, நாலு மிதிபடகும் ஒரு மோட்டார் படகும் விட்டார். டிக்கெட் கவுண்டரில் நான். தமிழழகன் என்று பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, பெரிய ஆபீசர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மோட்டார் படகை ஓட்டியவர் மாயவன் அண்ணன். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக்கரை ஊர். சின்ன வயதிலிருந்து ஆற்றில் பரிசல் போட்டவர். ஐம்பத்தெட்டு வயது. சாராயம், பிராந்தி எதையும் தொட்டதில்லை. வெற்றிலை பாக்குகூடக் கிடையாது.

அந்தப் படகில் எஞ்சின் பின்னால் தொங்கும். எஞ்சின் முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி மாட்டியிருக்கும். கொக்கியிலிருந்து சுருள்சுருளாக ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றின் மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கொக்கியைப் பிடுங்கும், பொத்தான் உள்ளே போகும், எஞ்சின் அந்த நொடியே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். மாயவன் அண்ணன் படகில் கால் வைத்ததும் முதல் வேலையாக அந்தக் கயிற்றைத்தான் கையில் மாட்டுவார்.

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் வழக்கமான சர்வீஸ். கலைமணியைக் கூப்பிட்டோம். பிளக் மாற்றினான், கியர் ஆயில் மாற்றினான், பெட்ரோல் பில்டரைக் கழுவினான், தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரத்தைப் புதிதாகப் போட்டான். எல்லாம் பாங்காக முடிந்தது. மேல்மூடியை மாட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் கொக்கி மூடிக்கு அடியில் சிக்கி... பட் என்று இரண்டாக உடைந்தது. சின்னச் சாமான். ஆனால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வாரம் ஆகும். காணும் பொங்கலுக்கு நாலே நாள்.

கலைமணி மூட்டையிலிருந்து ட்யூப் துண்டு ஒன்றை எடுத்தான். பொத்தானைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். அடியில் ட்யூபை எட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தான். இனி அந்தப் பொத்தான் உள்ளே போகாது. எஞ்சினை நிறுத்த வேண்டுமானால் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டால் போதும் என்றான். பவர் டில்லருக்கு இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. அதுதான் அவன் கணக்கு. பிடித்த விரல் இதோ, இந்த இரண்டு விரல்தான்.

மாயவன் அண்ணன் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த ட்யூபையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கயிறு இல்லாம நான் ஓட்டுனதில்லையே தம்பி..."

"கொள்ளிடத்துலயே பரிசல் போட்ட ஆளு, இந்தக் குட்டையில என்னண்ணே" என்று சிரித்தவன் கலைமணி இல்லை. நான்.

காணும் பொங்கல். நல்ல கூட்டம். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வெள்ளைப் புழுதியில் கரும்புச் சக்கையும் பேப்பர் தட்டும் கிடந்தன. கலைமணி அன்றைக்கு உதவிக்கு வந்திருந்தான், கேண்டீனுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் கவுண்டரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மிதிபடகு அவிழ்ந்து நடுவுக்குப் போய்விட்டது, அதை இழுத்து வர மாயவன் அண்ணன் தனியாகப் போனார்.

எஞ்சின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வந்தது, தள்ளிப் போனது. பக்கத்தில் வந்தது... தள்ளிப் போனது. ஒரே சுருதி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் எழுந்து பார்த்தபோது படகு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. படகில் ஆள் இல்லை.

கைப்பிடியை விட்டுவிட்டால் எஞ்சின் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். விழுந்த ஆளைச் சுற்றிச் சுற்றியே படகு வரும். அவர் நீந்தத் தெரிந்தவர்தான். எந்தப் பக்கம் நீந்தினாலும் அது வந்தது. எங்களால் கிட்டே போக முடியவில்லை. பெட்ரோல் தீர இருபது நிமிஷம் ஆனது. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிறீர்கள்.

"சித்தப்பா, இதுல பேய் எங்க?" என்று கேட்கிறாள் பாருங்கள் பிரவீணா. வரும். பேய்க்கு முன்னால் நாங்கள் வருகிறோம், கேள்.

படகு தானாகக் கரை ஒதுங்கியது. போலீஸ் வர இன்னும் நேரம் இருந்தது. கலைமணி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனான். பிளேடால் ட்யூபை அறுத்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். கருவிப் பெட்டியில் கிடந்த பழைய கயிற்றை, உடைந்த கொக்கியோடு எடுத்துப் படகின் அடியில் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். 

வந்தவர்கள் கயிற்றை எடுத்துப் பார்த்தார்கள். கயிற்றை மாட்டாமல் ஓட்டியிருக்கிறார், படகு கரையில் இடித்தபோது கொக்கியும் உடைந்திருக்கிறது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். ஒரு அதிகாரி என்னைக் கேட்டார், ஆள் குடிப்பாரா என்று. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொங்கல் நாள் சார்..." என்று இழுத்தேன். அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை பாருங்கள். பாதியில் விட்டுவிட்டேன். மீதியை அவர் எழுதிக்கொண்டார். பரிசோதனை ரிப்போர்ட் வர மாசக்கணக்கில் ஆகும், ஊர் வாய் அதுவரைக்கும் காத்திருக்குமா? குடித்துவிட்டுப் படகு ஓட்டிச் செத்தான் என்று மறுநாளே பரவிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி குஞ்சம்மாள் வந்தவர் போனவர் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் குடிக்கமாட்டார் என்று. அழுகையைவிட அதுதான் அதிகம். சாவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். என்னைப் பார்த்ததும் குஞ்சம்மாள் கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கூடவே இருந்த ஆளு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி, ஊரு நம்பும்."

நான் தரையைப் பார்த்தேன். என் செருப்பில் வெள்ளைப் புழுதி ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே கையை விட்டுவிட்டார்.

நாற்பது நாள் மூடிக் கிடந்தது. மாசி மகத்துக்குக் கூட்டம் வரும், படகைத் தயார் பண்ணுங்கள் என்று குத்தகைக்காரர் போன் செய்தார். கலைமணி திரும்ப வந்தான். ஆள் இளைத்துப்போயிருந்தான். இந்தத் தடவை சர்வீஸ் என்றால் அப்படி ஒரு சர்வீஸ். பழைய பெட்ரோலை வடித்தான், புதுப் பெட்ரோலில் ஆயில் அளந்து கலந்தான். புது பிளக், புது பில்டர். சென்னையிலிருந்து புதுக் கயிறு, புதுக் கொக்கி. ட்யூப் மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். எஞ்சினைக் கழற்றிக் கரையில் நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி அரை மணி நேரம் ஓட்டினான். பின்னால் ஊசித் தாரையாகத் தண்ணீர் பீச்சியது. அது பீச்சினால் எஞ்சின் சூடாகவில்லை என்று அர்த்தம். ஒரு பிசிறு இல்லை.

படகில் மாட்டித் தண்ணீரில் விட்டோம். நடுவுக்குப் போனது... நின்றது.

இழுகயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பியது. கரைக்கு வந்தது. திரும்ப நடுவுக்குப் போனது. நின்றது.

முதல் நாள் பெட்ரோல் பக்கம் பார்த்தான். டேங்க் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும், அதை மூடி வைத்துவிட்டால் காற்று போகாமல் பெட்ரோல் இழுக்காது. திறந்துதான் இருந்தது. குழாய் நடுவில் ரப்பர் பந்தைப் பிசைந்து பார்த்தான். கல் மாதிரி இறுகி நின்றது, பெட்ரோல் ஒழுங்காகத்தான் வருகிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். நிற்கவில்லை. திரும்ப ஓட்டினான். நடுவில் நின்றது.

அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து பீடியைக் கையிலேயே அணையவிட்டுச் சொன்னான். பெட்ரோல் இல்லாமல் சாகிற எஞ்சின் இருமும், திக்கும், அப்புறம்தான் சாகும். இது அப்படி இல்லை. விளக்கை அணைத்த மாதிரி நிற்கிறது. இது கரண்ட் அறுகிற சாவு.

இரண்டாம் நாள் கரண்ட் பக்கம் பார்த்தான். பிளக்கைக் கழற்றினால் நல்ல காபிக் கலர். பொறி நீலமாகப் பாய்கிறது. ஒயர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான், ஒன்றும் லூஸ் இல்லை. அப்புறம் ஒரு வேலை செய்தான். காலி ஆயில் டப்பாவில் கயிறு கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, எஞ்சின் நின்ற இடத்தில் மிதக்கவிட்டான். கரைக்கு வந்து, வேறு பக்கத்திலிருந்து ஓட்டினான். டப்பாவுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. எதிர்க்கரையிலிருந்து ஓட்டினான். டப்பாவுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. வேகமாக ஓட்டினாலும், மெதுவாக ஓட்டினாலும்... அங்கேதான்.

அது என்ன இடம் என்று எங்களுக்குத் தெரியும். படகு வட்டம் போட்ட இடம்.  கலைமணி ஒயரில்தான் எங்கேயோ கோளாறு என்றான். ஆமாம், ஒயரில்தான் இருக்கும் என்றேன்.

மூன்றாம் நாள். மத்தியானம் பன்னிரண்டரை. "நீயும் கூட வா தமிழு" என்றான். குரலைக் கேட்டதும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏறினேன். கிளம்புவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, அந்தச் சிவப்புப் பொத்தானிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒயரையே கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டான். இனி அந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. பொத்தான் வெறும் பொம்மை. இதற்கும் நின்றால் பொத்தானில் கோளாறு இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான் என்றான்.

காற்றே இல்லை. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. சூடான சுண்ணாம்பு வாசனை, பெட்ரோல் வாசனை. டப்பா கிட்டே வந்தது. நான் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கி அடியில் சரியாக மாட்டியிருந்தது. கொக்கி இருக்கிறவரைக்கும் அது உள்ளே போக இடமே கிடையாது. பத்து முழம்... ஐந்து முழம்...

பொத்தான் உள்ளே போனது.

துள்ளிப் போகவில்லை. யாரோ கட்டைவிரலை வைத்து நிதானமாக அழுத்துகிற மாதிரி போனது. கொக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. எஞ்சின் நின்றது.

சத்தம் அடங்கியதும் மூடியில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது கேட்டது. டக்... டக்... அப்புறம் அதுவும் நின்றது. அப்போது படகு இடது பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான். தண்ணீரில் இருக்கிற ஆள் படகு விளிம்பைக் கையால் பிடித்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. என் முதுகுக்குப் பின்னால், விளிம்புக்குக் கீழே, மூச்சு. நீந்திக் களைத்தவன் வாங்குகிற மூச்சு. வேகமாக, வாயால், இடையில் தண்ணீரைத் துப்பிக்கொண்டு.

கலைமணி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு நிற்போமே... அப்படி. நானும் குனிந்துகொண்டேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தால் குனியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. கையை நீட்டித் தூக்கிவிட வேண்டும் என்றுகூட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் பின்மண்டையைச் சுட்டது. மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. விளிம்பை விட்ட மாதிரி படகு நேராக நிமிர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றே முக்கால். ஒற்றைத் துடுப்பைப் போட்டு மாற்றி மாற்றித் தள்ளிக் கரைக்கு வந்தோம். கரையில் கலைமணி வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"போய்ச் சொல்லிருவோம்டா. அந்த அக்காகிட்ட. குடிக்கல, நாங்கதான்னு சொல்லிருவோம்."

மறுநாள் காலையில் என் பைக்கில் கிளம்பினோம். கீழப்பழுவூர் தாண்டி, திருமானூர் தாண்டி, ஏலாக்குறிச்சி போகிறவரைக்கும் அவன் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். அக்கா, கொக்கி உடைஞ்சது என்னாலதான். அக்கா, ட்யூப நான்தான் சுத்துனேன். அக்கா, அறுத்து எடுத்தது நான்தான். சொல்லுவான், பாதியில் நிறுத்துவான், முதலிலிருந்து ஆரம்பிப்பான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. அவன் சொல்லி முடித்தால் போதும், நான் தலையாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாதா கோவில் வாசலில் பஸ்ஸில் வந்தவர்கள் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஆற்றோரமாக மூன்று கிலோமீட்டர்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். ஒரு பெரியவர் வந்து கலைமணியின் தோளில் கை வைத்தார். தப்பு எல்லோரும்தான் செய்கிறோம், வந்து ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார். எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லையே.

குஞ்சம்மாள் அக்கா வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. கலைமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா... ஒரு விசயம் சொல்லணும்."

"அதான் நேத்தே வந்து எல்லாத்தயும் சொல்லிட்டீங்களே தம்பி" என்றார். "மறுபடியும் எதுக்கு இம்மாந்தூரம்?"

நேற்று மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் நாங்கள் வந்து நின்றோமாம். இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். தலை துவட்டத் துண்டு கொடுத்தாராம். கொக்கி உடைந்தது, ட்யூப் சுற்றியது, அறுத்து எடுத்தது, போலீசில் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி, ஒன்றே முக்கால் வரைக்கும் அழுதுவிட்டுப் போனோமாம். அக்கா அந்த நிமிஷமே தெருவைக் கூட்டி, என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை, அந்தத் தம்பிகளே வந்து சொல்லிவிட்டார்கள் என்று சொன்னாராம். துண்டு இன்னும் கொடியில் கிடந்தது. கலைமணி கிட்டே போய் முகர்ந்தான். ஆயில் கலந்த பெட்ரோல் வாசனை எனக்கே வந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வந்தது நாங்கள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.   அக்கா எங்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்லித்தான் நேற்று அனுப்பினாராம். அந்த மன்னிப்பை நாங்கள் வாங்கிக்கொண்டோம். யாரோ ஒருத்தன் எங்கள் முகத்தை மாட்டிக்கொண்டு வந்து சம்பாதித்தது. அதை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு, அவர் கொடுத்த வரக்காபியையும் குடித்தோம்.

கிளம்பும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"ஒண்ணு மட்டும் ராத்திரி பூரா மனசுல கெடந்து ஓடுச்சு தம்பி. விழுந்த ஒடனே 'தமிழு... தமிழு'ன்னு ரெண்டு தடவ ஒங்களக் கூப்புட்டாராமே. காதுல விழுந்துச்சு, டீயக் குடிச்சிட்டு எந்திரிக்கலாம்னு இருந்துட்டேன்னு நேத்து நீங்கதான சொல்லி அழுதீங்க..."

கலைமணி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

அதை நான் அவனிடம் சொன்னதில்லை. என் வீட்டில் சொன்னதில்லை. போலீசில் யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்குக் கவுண்டரில் என்னைத் தவிர வேறு ஆளே கிடையாது.

"அதுக்கப்புறம் கூப்புடலையா தம்பி? அந்த ரெண்டு தடவயோட சரியா?"

"அவ்வளவுதான்க்கா" என்றேன். "அப்பறம் கூப்புடல."

கூப்பிட்டார்.